பாடுங்கப்பா

மே 4, வியாழன்

ஆகஸ்டுக்குப் பிறகு இன்றுதான் எழுத உட்கார்கிறேன்.

நாளைக் காலை வேன் வரும். இட்லிப்பொடி, எலுமிச்சை ஊறுகாய், இவர் தொண்டைக்குச் சித்தரத்தை, எனக்குத் தலைவலி மாத்திரை எல்லாம் எடுத்து வைத்தாயிற்று. இவருடைய வெள்ளைச் சட்டைகளை இஸ்திரி போட்டு முடிக்கச் சாயந்தரமாகிவிட்டது. மேடையில் நின்றால் வேர்த்துக் கொட்டும் மனிதர்.

கோடைத் துதிப் பயணம் என்று பேனர் கட்டிக்கொண்டு மே மாதம் ஊர் ஊராகச் சபைகளில் பாடப் போவது எங்கள் குழுவுக்கு வழக்கம். போன வருஷம் போகவில்லை. போன மே முழுக்க எபியோடு ஆஸ்பத்திரியில் இருந்தோம். இந்த வருஷமும் வேண்டாம் என்று நான் சொல்லியிருக்கலாம். சொன்னால் இவர் போய்விடுவார், நான் இந்த வீட்டில் தனியாக இருப்பேன். எபியின் அறைக்கதவு மூடியிருந்தாலும் கஷ்டம், திறந்திருந்தாலும் கஷ்டம். அதனால் சரி என்றேன்.

பாட்டும் கிதாரும் இவர். கீபோர்டு நான். இவருடைய அக்கா மகள் ஷைனி கூடப் பாடுவாள். டிரம்ஸுக்கு டைட்டஸ் வருகிறான். கூட்டுறவு வங்கியில் வேலை பார்க்கிறவன், லீவு போட்டிருக்கிறான். டிரம்ஸ் எபி வாசித்த இடம். டைட்டஸ் தன்னுடைய செட்டைக் கொண்டுவருகிறேன் என்றுதான் சொன்னான். இவர்தான், "எதுக்குப்பா? எபி செட்டு சும்மாதான கெடக்கு, அதையே எடுத்துருவோம்" என்றார்.

நானே துடைத்தேன். ஒரு வருஷத்துத் தூசி. ஒரு குச்சியின் நுனியில் பல்லால் கடித்த தடம் இருந்தது. அந்தக் குச்சியை மட்டும் எடுத்து என் பீரோவில் வைத்துவிட்டேன்.

மே 5, வெள்ளி. தூத்துக்குடி

நல்ல கூட்டம். மின்விசிறிகள் சுற்றுகின்றன, காற்று வரவில்லை. எனக்கு உள்ளங்கை வேர்த்து விரல் வழுக்கியது.

கடைசிப் பாட்டுக்கு முன்னால் இவர் கிதாரைத் தோளிலிருந்து இறக்கிவிட்டு மைக்கைக் கையில் எடுத்தார். சாட்சி சொல்லப் போகிறார் என்று என்னிடம் முன்கூட்டிச் சொல்லவில்லை.

"எனக்கு ஒரே மகன். எபினேசர். பதினேழு வயசு. போன ஆகஸ்டு மாசம் கர்த்தர் அவனை எடுத்துக்கிட்டாரு" என்று ஆரம்பித்தார். சபையில் குழந்தை அழுகிற சத்தம்கூட நின்றுவிட்டது. "இரத்தத்துல புற்றுநோய். கடைசி நிமிஷம் நான் பக்கத்துல இருந்தேன். என் மகன் என்னைப் பாத்துக் கடைசியா ஒரு வார்த்தை சொன்னான். 'பாடுங்கப்பா'ன்னு சொன்னான். நான் பாடினேன். அவன் போனான். இன்னைக்கு வரைக்கும் பாடுதேன்."

ஜனங்கள் அழுதார்கள். டைட்டஸ் அழுதான். நான் கீபோர்டில் மெதுவாக வாசித்துக்கொண்டிருந்தேன். பின்னணிக்கு வாசி என்று இவர் கையால் காட்டியிருந்தார்.

போதகர் வீட்டில் சாப்பாடு. விளை மீன் குழம்பு, நன்றாக இருந்தது.

மே 6, சனி

துணி துவைத்தேன். மொட்டை மாடியில் போட்டுவிட்டுக் கீழே இறங்கி வருவதற்குள் காய்ந்துவிட்டது.

மே 7, ஞாயிறு. அருப்புக்கோட்டை

இன்றைக்குச் சாட்சியில் எபி இரண்டு கையையும் மேலே தூக்கினான் என்றார்.

அவனுடைய வலது கையில் மருந்து ஏறிக்கொண்டிருந்தது. இடது கை வீங்கி, தலையணை வைத்துத் தாங்கியிருந்தது.

ஆராதனை முடிந்ததும் பெண்கள் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். ஒரு அம்மாள் என் கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "எப்பேர்ப்பட்ட பிள்ளையப் பெத்தீங்க! பாக்கியவதி நீங்க" என்றாள். நான் சிரித்தேன். என்ன செய்வது?

வேனில் டிரம்ஸை ஏற்றும்போது டைட்டஸ் என்னிடம் வந்து, "அக்கா, எபி செட்டுல வாசிக்கது உங்களுக்குக் கஷ்டமா இருக்காக்கா? சொல்லுங்க, நான் எங்கயாவது வாடகைக்கு எடுத்துக்கிடுதேன்" என்றான். "நீ நல்லா வாசிக்க. அதுவே போதும்" என்றேன். உண்மைதான். ஆனால் எபி எப்போதும் கொஞ்சம் முந்துவான். இவர் திரும்பி முறைப்பார். டைட்டஸ் முந்துவதில்லை. இவர் இப்போதும் அந்த இடத்தில் திரும்பிப் பார்க்கிறார்.

மே 9, செவ்வாய். மதுரை

பெரிய சபை. ஏசி. ஒலிப்பெட்டிகள் எல்லாம் புதிது. இவர் குரல் நன்றாக இருந்தது, பல வருஷமாக இப்படி நான் கேட்டதில்லை.

இன்று சாட்சியில் ஒரு நர்ஸ் வந்தாள். எபி பாடிக்கொண்டே போனதைப் பார்த்து அந்த நர்ஸ் முழங்காலில் விழுந்து, உங்கள் தேவன் எனக்கும் வேண்டும் என்று அழுதாளாம். கூட்டம் கை தட்டியது.

இரவுச் சாப்பாட்டில் ஷைனி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். குரலைத் தாழ்த்தி, "அத்தை, அந்த நர்ஸ் விஷயம் எனக்குத் தெரியவே தெரியாதே. நீங்க ஒருநாளும் சொல்லலையே" என்றாள்.

"இட்லி ஆறிப்போகுது, சாப்பிடு" என்றேன்.

அவள் சாப்பிடவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரியில் எனக்கு மாற்றாக எத்தனையோ நாள் எபியோடு உட்கார்ந்திருந்தவள். நர்ஸுகளின் பெயரெல்லாம் அவளுக்குத் தெரியும்.

மே 10, புதன்

இன்று எபிக்குப் பதினெட்டு.

யாரும் பேச்செடுக்கவில்லை. இவர் மத்தியானம் கிளம்பிப் போனார். வெயில் தாழ்ந்துதான் வந்தார். செருப்பெல்லாம் புழுதி. எங்கே போனீர்கள் என்று நான் கேட்கவில்லை. சட்டையைக் கழற்றிக் கொடுத்தார், துவைத்தேன்.

மே 13, சனி. திண்டுக்கல்

நடுவில் இரண்டு நாள் ஓய்வு. டைட்டஸுக்கு வயிற்றுப்போக்கு, மோரும் உப்பும் கொடுத்துச் சரியாயிற்று.

இன்று மாலைக் கூட்டம். திறந்த மைதானம். சுற்றுப்பக்கத்து ஊர்களிலிருந்தெல்லாம் வேன் வைத்து வந்திருந்தார்கள். முன்வரிசையில் காக்கிச் சட்டை போட்ட ஒருவர் ஆரம்பத்திலிருந்து நின்றுகொண்டே கேட்டார்.

இவர் சொன்னார்: "மருந்தால அடங்காத வலி பாட்டால அடங்கிச்சு. கடைசி நாள்ல என் மகனுக்கு மருந்து தோத்துச்சு, துதி ஜெயிச்சுது!"

காக்கிச் சட்டைக்காரர் இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கி அல்லேலூயா என்று கத்தினார். தொண்டை கிழிந்துவிடும்போல இருந்தது. ஒரு மனிதன் அப்படிக் கத்தினால் வீட்டில் ஏதோ இருக்கிறது என்று அர்த்தம். எனக்கு அப்போதே தோன்றியது.

மே 14, ஞாயிறு. திண்டுக்கல்

காலை ஆராதனை முடிந்து, சபை மண்டபத்தில் கேபிள்களைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். ஒரு பெண் வாசலில் வந்து நின்றாள். முப்பது முப்பத்திரண்டு வயதிருக்கும். சேலை கசங்கியிருந்தது. செருப்பை வெளியே விட்டுவிட்டு உள்ளே வந்தாள்.

"அக்கா, நீங்கதான பாட்டு சாரோட வீட்டம்மா?"

"ஆமாம்மா. உக்காருங்க."

உட்காரவில்லை. பெயர் சுகந்தி என்றாள். வத்தலக்குண்டிலிருந்து வந்திருக்கிறாள். கணவர் தானியேல்ராஜ் லோடு ஆட்டோ ஓட்டுகிறார். நேற்று முன்வரிசையில் நின்றது அவர்தான். ஒரே பெண் குழந்தை, கெசியா, ஆறாவது படிக்கிறாள். தொடை எலும்பில் கட்டி. மதுரையில் காட்டினார்கள், காலை எடுத்தும் பார்த்தாயிற்று, நெஞ்சுக்குப் பரவிவிட்டது. வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று வலிக்கு ஒரு திரவ மருந்து கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

இதையெல்லாம் வேகமாகச் சொல்லி முடித்தாள். பலமுறை பலரிடம் சொல்லிப் பழகியவள் என்று தெரிந்தது. நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன், ஒரு காலத்தில்.

பிறகு கேட்டாள்: "உங்க பையனுக்குக் கடைசியில வலியே இல்லையாமேக்கா?"

கேபிளைச் சுருட்டுவதை நிறுத்தினேன்.

"நேத்து கூட்டம் முடிஞ்சு வந்ததிலிருந்து எங்க வீட்டுக்காரர் மருந்து குடுக்க விடமாட்டேங்கிறாரு. பாட்டு சார் சொன்னாருல்ல, மருந்து தோத்துச்சு, பாட்டு ஜெயிச்சுதுன்னு. நாமதான் விசுவாசம் இல்லாம பாட்டிலப் பிடிச்சுத் தொங்குறோம்னு சொல்லி மேல பரண்ல தூக்கி வச்சுட்டாரு. ராத்திரி பூரா பாப்பா தலமாட்டுல உக்காந்து பாடிக்கிட்டே இருந்தாரு. பாப்பா கத்துதுக்கா. நானும் கூடச் சேர்ந்து பாடணுமாம். எனக்கு வரல. பாட வரலக்கா."

அவள் அழவில்லை. சுருட்டிய கேபிளைக் கீழே வைத்தேன்.

"சுகந்தி, எம் பிள்ளைக்கு வலி இருந்துச்சு. ரொம்ப இருந்துச்சு. ஊசி போட்ட பொறவுதான் அடங்குச்சு. மருந்துதாம்மா அடக்குச்சு. நீங்க வீட்டுக்குப் போயி முதல்ல மருந்து குடுங்க."

அவள் என்னை உற்றுப் பார்த்தாள். "சார் அப்படிச் சொல்லலையேக்கா."

"சார் சொல்லல."

"அப்ப எது நெசம்?"

"நான் சொல்லுததுதான் நெசம்."

வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தாள். பிறகு, "நீங்க சொன்னீங்கன்னு நான் போய்ச் சொன்னா அவரு நம்பமாட்டாரு. பொம்பளைங்க ரெண்டு பேரும் விசுவாசமில்லாம பேசுறீங்கம்பாரு. சார் வாயால சொன்னாத்தான் கேப்பாரு. சாரைச் சொல்லச் சொல்லுங்கக்கா" என்றாள். தன் வீட்டுக்காரர் போன் நம்பரை என் போனில் அவளே போட்டுக் கொடுத்துவிட்டுப் பஸ்ஸுக்கு ஓடினாள்.

இவர் வெளியே சபை மூப்பர்களோடு போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார். போய்ச் சொல்லியிருக்க வேண்டும். கிட்டே போனேன். தோளில் கைபோட்டு என்னையும் போட்டோவுக்குள் இழுத்து நிறுத்தினார்.

மே 15, திங்கள். கொடைக்கானல்

வாலிபர் முகாமில் பாட மலை ஏறி வந்திருக்கிறோம். வழியில் வத்தலக்குண்டைத் தாண்டித்தான் வேன் வந்தது. பஸ் ஸ்டாண்டு, பழக்கடை, மெக்கானிக் ஷெட் எல்லாம் ஜன்னலில் போயின. இவர் முன் சீட்டில் தூங்கிக்கொண்டிருந்தார். நான் எழுப்பவில்லை. அந்தக் குழந்தை எந்தத் தெருவில் இருக்கிறதோ.

இங்கே குளிர். மத்தியானம் எல்லோரும் ஏரியைப் பார்க்கப் போய்விட்டார்கள். நான் தலைவலி என்று அறையிலேயே இருந்துவிட்டேன். எழுதிவிடுகிறேன்.

எபி போன அன்றைக்குக் காலையிலேயே டாக்டர் எங்கள் இரண்டு பேரையும் வெளியே கூப்பிட்டு, இனி வலி தெரியாமல் பார்த்துக்கொள்வது ஒன்றுதான் என்று சொன்னார். மத்தியானம் ஊசி போட்டார்கள். போட்டபின் எபியின் நெற்றி விரிந்தது. எத்தனையோ நாளுக்குப் பிறகு பழைய முகம். நான் ஈரத்துணியால் அவன் உதட்டைத் துடைத்துக்கொண்டிருந்தேன். இவர் கால்மாட்டில் நின்று, தான் எழுதிய பாட்டு ஒன்றைப் பாட ஆரம்பித்தார்.

எபி கண்ணைத் திறந்தான். "பாடாதீங்கப்பா" என்றான்.

கோபமாகச் சொல்லவில்லை. தெளிவாகச் சொன்னான். பாடாதீங்கப்பா.

இவர் நிறுத்தவில்லை. சிஸ்டர் உள்ளே வந்து, "சார், தம்பி வேணாம்னு சொல்றான்ல? கொஞ்சம் அமைதியா இருங்க" என்றாள். இவர் கண்ணை மூடிக்கொண்டு இன்னும் சத்தமாகப் பாடினார். "அத்தான், போதும்" என்று நான் சொன்னேன். திரும்பவும் சொன்னேன்.

கடைசிச் சரணத்தில் எபி போய்விட்டான். இவர் அதற்குப் பிறகும் பல்லவியைப் பாடினார்.

அவ்வளவுதான். இனி எழுத ஒன்றும் இல்லை.

மே 16, செவ்வாய். கொடைக்கானல்

காலைச் சாப்பாட்டுக்கு முன்னால் சொன்னேன். முகாம் வீட்டுக்குப் பின்னால் பேரிக்காய் மரங்கள் இருக்கின்றன. அங்கே கல் படியில் வெயில் காய்ந்துகொண்டு இவர் தொண்டைக்குச் சுடுதண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். சுகந்தி வந்ததை, குழந்தையை, பரணில் இருக்கிற மருந்தை எல்லாம் சொன்னேன்.

"நான் மருந்து குடுக்காதீங்கன்னு எங்கயாவது சொன்னேனா ஹெப்சி?"

"பாட்டால அடங்குச்சுன்னு சொன்னீங்க."

"அது சாட்சி. கேக்குத ஜனங்க பெலப்படுதாங்க. எத்தனை பேரு அழுது மனம் திரும்புதாங்க, நீயும் மேடையிலதான இருக்க? பாக்கலயா?"

"நானும் அந்த ரூம்ல இருந்தேன் அத்தான்."

இவர் கோப்பையைப் படியில் வைத்தார். என்னைப் பார்க்கவில்லை.

"எபி சொன்னது உங்களுக்குக் கேக்கலையா? நெசமாவே 'பாடுங்கப்பா'ன்னுதான் கேட்டுச்சா? அப்படின்னா சொல்லுங்க. நான் இனிமே வாயத் திறக்க மாட்டேன்."

உள்ளே ஷைனி முகாம் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுக்கிற சத்தம் கேட்டது.

"பாடாதீங்கன்னுதான் கேட்டுச்சு" என்றார்.

நான் நின்றுகொண்டே இருந்தேன். இந்தச் சண்டையை மனதுக்குள் எத்தனையோ முறை போட்டிருக்கிறேன். எல்லாவற்றிலும் இவர் மறுப்பார், நான் கத்துவேன். ஒப்புக்கொண்டால் என்ன செய்வது என்று நான் யோசித்ததே இல்லை.

"கேட்டுச்சு ஹெப்சி. சிஸ்டர் சொன்னதும் கேட்டுச்சு, நீ சொன்னதும் கேட்டுச்சு. பாட்ட நிறுத்தினா அவன் போயிருவான்னு நெனச்சேன். நான் பாடிக்கிட்டு இருக்கிற வரைக்கும் போகமாட்டான்னு..." துண்டை வாயில் வைத்து அழுத்திக்கொண்டார். "அப்புறம் முதல்தடவை மைக்கப் பிடிச்சப்போ, அவன் சொன்னத அப்படியே சொல்லத்தான் வாயத் திறந்தேன். பாடாதீங்கன்னு வரல. பாடுங்கன்னு வந்துட்டு. ஜனங்க அழுதாங்க. ஒரு நிமிஷம் அதுதான் நடந்த மாதிரி இருந்துச்சு எனக்கு. அந்த ஒரு நிமிஷத்துக்காகத்தான் திரும்பத் திரும்பச் சொன்னேன்."

நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். தொடவில்லை. அவ்வளவு முடியவில்லை எனக்கு.

கொஞ்சம் கழித்து என் போனை வாங்கித் தானியேல்ராஜுக்குப் போட்டார். மணி அடித்தது. அந்தப் பக்கம், "அல்லேலூயா! சொல்லுங்க பிரதர்!" என்ற குரல் எனக்கே கேட்டது. இவர் வாயைத் திறந்தார், மூடினார், போனை வைத்துவிட்டார்.

"போன்ல சொல்ல வரல. ராத்திரிக் கூட்டத்தை முடிச்சுட்டு விடிஞ்சதும் நேர்ல போவோம்" என்றார்.

மே 17, புதன். வத்தலக்குண்டு

விடிந்ததும் முதல் பஸ்ஸில் கிளம்பினோம். நானும் இவரும் மட்டும். ஷைனியிடமும் டைட்டஸிடமும் இவரே எல்லாவற்றையும் சொன்னார். டைட்டஸ் தலையைக் குனிந்துகொண்டான். ஷைனி, "நர்ஸு பொய்னு தெரியும் மாமா. மத்ததும் பொய்யா இருக்கும்னு நெனக்கல" என்றாள். இவர் கிதாரை வேனிலேயே விட்டுவிட்டார்.

லோடு ஆட்டோ ஸ்டாண்டில் பேர் சொல்லி விசாரித்து வந்து சேர்ந்தோம். ஓட்டு வீடு. வாசலில் லோடு ஆட்டோ. தானியேல்ராஜ் எங்களைக் கண்டதும் ஓடிவந்தார். குளித்து நாளாகியிருக்கும் போல. கண் இரண்டும் சிவந்து கிடந்தது. "சார்! நீங்களே வந்துட்டீங்களா! சுகந்தி, பாட்டு சார் வந்துட்டாரு! பாப்பா, இனி உனக்குச் சரியாயிரும், சார் பாடப்போறாரு!" என்று இவர் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போனார்.

கெசியா கட்டிலில் சுவரைப் பார்த்து ஒருக்களித்துப் படுத்திருந்தாள். போர்வைக்குக் கீழே ஒரு காலின் வடிவம்தான் தெரிந்தது. கத்தவில்லை. கத்தித் தீர்ந்துபோய், ஒவ்வொரு மூச்சுக்கும் ஒரு சின்ன முனகல். எனக்கு அந்த முனகல் தெரியும்.

இவர் தரையில் உட்கார்ந்தார். தானியேல்ராஜும் எதிரே முழங்காலிட்டார், ஜெபம் என்று நினைத்துக்கொண்டு.

"பிரதர், நான் பாட வரல. எம் மகன் பாடுங்கன்னு சொல்லல. பாடாதீங்கன்னு சொன்னான். நான் கேக்கல. அவனுக்கு வலி அடங்கினது மருந்தால. டாக்டர் போட்ட ஊசியால. பாட்டால இல்ல. மேடையில நான் சொன்னது நடக்கல."

தானியேல்ராஜுக்கு விளங்கவில்லை. சிரித்த முகம் அப்படியே இருந்தது. "என்ன சார் சொல்றீங்க?"

"நான் சொன்னது பொய் பிரதர். பிள்ளைக்கு மருந்து குடுங்க."

சுகந்தி அதற்குள் நாற்காலியைப் போட்டுப் பரணில் ஏறிவிட்டாள். புருஷனைப் பார்க்கவேயில்லை. பாட்டிலை எடுத்து, மூடியைத் திறந்து, ஊசியில்லாத சிரிஞ்சில் அளந்து, குழந்தையின் கன்னத்தைத் திருப்பி வாயில் விட்டாள். கை கொஞ்சம்கூட நடுங்கவில்லை.

தானியேல்ராஜ் எழுந்து இவருடைய சட்டையைப் பிடித்தார். "கர்த்தர் பேரைச் சொல்லி மேடையில நின்னு பொய் சொன்னியாய்யா? நாலு நாளு. நாலு நாளா எம் பிள்ளை, 'அப்பா மருந்து குடுப்பா, மருந்து குடுப்பா'ன்னு..." பிடித்த கையை விட்டுவிட்டுத் தன் முகத்திலேயே அடித்துக்கொள்ள ஆரம்பித்தார். பட்பட்டென்று அடித்தார். இவர் அந்தக் கைகளைப் பிடித்துத் தடுத்தார். இருவரும் தரையில் உட்கார்ந்து அழுதார்கள். ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டு அல்ல. தனித்தனியாக.

அரைமணி இருக்கும். முனகல் குறைந்து நின்றது. கெசியா மெல்லப் புரண்டு எங்களைப் பார்த்தாள். பெரிய கண்கள். யார் இவர்கள் என்று அம்மாவைப் பார்த்தாள்.

"உனக்கு என்ன வேணும் பாப்பா?" என்று நான் கேட்டேன்.

அப்பாவை ஒருமுறை பயந்து பார்த்துவிட்டுச் சொன்னாள்: "டிவி."

ஜெபம் கெடும் என்று டிவியின் வயரைப் பிடுங்கி வைத்திருந்தார் தானியேல்ராஜ். அவரே எழுந்து போய்ச் செருகினார். ஏதோ பொம்மைப் படம். ஒரு பூனை மாடியிலிருந்து விழுந்து தட்டையாகி மறுபடி எழுந்து ஓடியது. கெசியா பார்த்தாள். இவர் கட்டிலுக்குக் கீழே உட்கார்ந்து அவளோடு அதைக் கடைசிவரை பார்த்தார். அவள் தூங்கியபின்தான் எழுந்தார்.

சுகந்தி தெருமுனை வரை வந்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டாள். தானியேல்ராஜ் வாசலோடு நின்றுவிட்டார். "சார், இனிமே எங்கயும் அதச் சொல்லாதீங்க" என்றார். இவர் தலையை ஆட்டினார். "எங்க வீட்டுக்கும் வராதீங்க" என்றார் அவர். அதற்கும் தலையை ஆட்டினார்.

மே 18, வியாழன்

ராத்திரி பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு லாட்ஜில் தங்கினோம். கோயம்புத்தூரும் குன்னூரும் பாக்கி இருக்கின்றன. இவர் ஒவ்வொரு சபைப் போதகருக்கும் போன் செய்து நடந்ததைச் சொன்னார். தூத்துக்குடிக்காரர் ரொம்ப நேரம் பேசாமல் இருந்துவிட்டு வைத்துவிட்டாராம். மதுரையில், அதெல்லாம் சபைக்குச் சொல்ல வேண்டாம் பிரதர், விட்டுவிடுங்கள் என்றார்களாம். கோயம்புத்தூரில் மட்டும், குழு வரட்டும், நீங்கள் வீட்டுக்குப் போய் ஓய்வெடுங்கள் என்றார்கள்.

மலையிலிருந்து இறங்கி வந்த வேனை வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டில் பிடித்து எங்கள் பைகளை இறக்கிக்கொண்டோம். ஷைனி அழுதாள். "நீங்க இல்லாம நான் எப்படிப் பாடுவேன் மாமா?"

"நீ என்னைவிட நல்லாப் பாடுவட்டி. பாட்டு மட்டும் பாடு. நடுவுல ஒண்ணும் பேசாத" என்றார்.

மதுரை போய்த் திருநெல்வேலி பஸ் ஏறினோம். இரண்டு பேர் சீட்டு. ஜன்னல் பக்கம் எனக்கு. அனல் காற்று. மதுரையில் வாங்கிய தயிர்சாதத்தைப் பிரித்தேன், இரண்டு பேரும் இரண்டு வாய் சாப்பிட்டு மூடிவிட்டோம்.

விருதுநகர் தாண்டியதும், "ஹெப்சி" என்றார்.

"ம்."

"உங்கிட்ட ஒண்ணு கேக்கணும். கேக்க பயமா இருக்கு."

"கேளுங்க அத்தான்."

"கடைசிச் சரணத்துல ஒருதரம் கண்ணத் திறந்து பாத்தேன். எபி உதடு அசைஞ்சுது. நீ குனிஞ்சு அவன் வாய்ல காத வச்சிருந்த. உங்கிட்ட ஏதோ சொன்னான்." முன்சீட்டுக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். "என்ன சொன்னான்? என்னைத் திட்டினானா? எதுவா இருந்தாலும் பரவால்ல. சொல்லு."

இத்தனை மாதமாக நான் எதையோ கேட்டு, மறைத்து வைத்திருக்கிறேன் என்று நினைத்திருக்கிறார். அதைக் கேட்கப் பயந்துகொண்டு என் பக்கத்திலேயே படுத்து எழுந்திருக்கிறார். நானோ இவர் அதைக் கவனிக்கவேயில்லை என்று நினைத்திருந்தேன்.

குனிந்தேன், உண்மை. காதை அவன் உதட்டோடு ஒட்டி வைத்தேன். பாட்டுச் சத்தத்துக்கு நடுவில் மூச்சு மட்டும் பட்டது. சூடாக, விட்டுவிட்டு, மூன்று நான்கு சொல்லுக்கான மூச்சு. அவ்வளவுதான் எனக்குக் கிடைத்தது. திரும்பச் சொல்லுடா என்று கேட்டேன். அவன் திரும்பச் சொல்லவில்லை.

பொய் சொல்லலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். 'அப்பாவைப் பாத்துக்கோங்கன்னு சொன்னான்' என்று சொல்லியிருந்தால் இந்த மனிதர் பிழைத்துக்கொள்வார். வாய்வரை வந்தது.

"எனக்கும் கேக்கல அத்தான்" என்றேன்.

என்னையே பார்த்தார். ஏன் கேட்கவில்லை என்று இவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. இவர் முகத்தில் அது மெல்ல மெல்லப் போய்ச் சேர்ந்ததைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அப்ப யாருக்குமே தெரியாது" என்றார்.

"யாருக்கும் தெரியாது."

முன்சீட்டுக் கம்பியில் நெற்றியை வைத்துக் குனிந்துவிட்டார். சத்தமே இல்லை. முதுகு மட்டும் குலுங்கியது. முன்னால் உட்கார்ந்திருந்த அம்மாள் திரும்பிப் பார்த்து, "என்னம்மா, அவுகளுக்கு மேலுக்கு முடியலையா?" என்று கேட்டாள். "ஆமாம்மா, முடியல" என்றேன்.

இவர் முதுகில் கையை வைத்தேன். சட்டை நனைந்து ஒட்டியிருந்தது. எபி போனபிறகு இன்றுதான் இவரைத் தொடுகிறேன். சாத்தூரில் வண்டி நின்றது. வெள்ளரிப்பிஞ்சு விற்கிறவர்கள் ஏறினார்கள், கூவினார்கள், இறங்கினார்கள். வண்டி கிளம்பியது. நான் கையை எடுக்கவில்லை.